பக்கத்து இருக்கையில் இருந்தவர்

1

நான் அடிபட்டு இந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிறது.

கொழிஞ்சாம்பாறை வாசகசாலை ஆண்டு மலரில் என் குறிப்புகளைப் படித்திருப்பவர்களுக்கு என்னைத் தெரியும். குளிரில் காயப்போட்ட லுங்கி பலகை மாதிரி விறைத்து நின்றதை எழுதினேன். இங்கே கருவேப்பிலைக் கொத்துக்காக இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டதை எழுதினேன். இந்த வருஷம் மலர்க் குழுவிலிருந்து, "அக்கா, இந்த வாட்டியும் நல்லாச் சிரிக்கற மாதிரி அனுப்புங்க" என்று செய்தி வந்தது. அப்படி ஒன்று எழுதிப் பார்த்தேன். பாதிப் பக்கம்கூட ஓடவில்லை. நடந்ததையே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் இருக்கிறோம். நான் ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். என் கணவர் நடராஜ், செல்வராஜ் அண்ணாவின் மளிகைக் கடையில் இருக்கிறார். ஒரே மகள் தர்ஷினி, இங்கேயே பிறந்தவள், பள்ளியில் மேல் வகுப்பு படிக்கிறாள்.

செல்வராஜ் அண்ணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் நம்மூர்தான். எங்களுக்கு முன்பே இங்கே வந்துவிட்டவர். நாங்கள் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் கம்பளிக் கோட்டுகளோடு நின்றார். வீடு கிடைக்கும்வரை அவர் வீட்டில்தான் இருந்தோம். தர்ஷினி பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு ரசம் கொண்டுவந்தது அவர் மனைவி. கூடப் பிறந்த அண்ணன் கொழிஞ்சாம்பாறையில், கூடப் பிறக்காத அண்ணன் கொலோனில் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

2

அண்ணா ஒரு வண்டி வாங்கினார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பிக்கப் டிரக். பிக்கப் என்றதும் நம்மூரில் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி மார்க்கெட்டுக்கு ஓடுமே, அதை நினைத்துவிடாதீர்கள். இதில் ஏறுவதற்கே தனியாகப் படி இருந்தது. முன்பக்க மூடி என் கழுத்துக்கு வந்தது. பின்னால் சாமான் வைக்கும் தொட்டி; அதில் அவர் ஒரு அரிசி மூட்டைகூட ஏற்றி நான் பார்த்ததில்லை. அழுக்காகுமாம். கடைச் சரக்கெல்லாம் பழைய வேனில்தான் வந்தது.

எங்கள் தெருக்கள் கார் என்ற ஒன்று வருவதற்கு முன்பே போட்ட தெருக்கள். இரண்டு பக்கமும் அடுக்கு வீடுகள், நடுவில் டிராம், ஓரத்தில் சைக்கிள், நடைபாதையில் தள்ளுவண்டியில் குழந்தைகள். அந்த வண்டியை எந்த இடத்தில் நிறுத்தினாலும் மூக்கு நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். தள்ளுவண்டியோடு வருகிற தாய்மார்கள் தெருவில் இறங்கிச் சுற்றிப் போவார்கள். அக்கம்பக்கத்தவர்கள் கண்ணாடியில் சீட்டு எழுதிச் செருகிவிட்டுப் போனார்கள். அண்ணா அவற்றைக் கசக்கிப் போட்டுவிட்டு, "பொறாமைங்க இவுங்களுக்கு" என்பார்.

எங்களுக்கும் அதில் பெருமை இருந்தது. நம்மூர் ஆள் ஒருவர் இந்த ஊரில் இவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போகிறார் என்று. ஊருக்கு அனுப்பிய போட்டோவில் வண்டிக்கு முன்னால் சாய்ந்து நின்றவர் என் கணவர்.

3

அன்று காலையிலிருந்தே தூறல். வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். எங்கள் தெருமுனை சிக்னலில் நடக்கிறவர்களுக்குச் சிவப்பு. நின்றேன். அந்த வண்டி வந்து என் பக்கத்தில் கோட்டில் நின்றது. ஓட்டியவர் அண்ணா. என் பக்கம் இருந்த இருக்கையில் என் கணவர்.

நான் கையசைத்தேன். அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அவரும் கையைத் தூக்கிக் காட்டினார். அண்ணா இவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பச்சை விழுந்தது. எனக்கும் பச்சை, வண்டிக்கும் பச்சை. திரும்புகிற வண்டி நடக்கிறவர்களுக்காக நிற்க வேண்டும் என்பது இங்கே குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த சட்டம். என்னைத் தெரிந்த வண்டி, பார்த்துவிட்டார்கள் என்ற தைரியத்தில் இறங்கினேன். வண்டி திரும்பியது. முன்பக்கம் சுவர் மாதிரி என் மேல் வந்தது. அதில் ஓட்டுகிறவரின் முகமே தெரியவில்லை. எனக்கு அவர் தெரியவில்லை என்றால் அவருக்கு நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று பின்னால்தான் யோசித்தேன். கீழே விழுந்ததும் சக்கரம் இடது கால் மேல் ஏறி நின்றது. யாரோ ஒரு ஜெர்மன்காரர் வண்டியைக் கையால் ஓங்கி ஓங்கி அடித்தார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் அண்ணா வண்டியைப் பின்னால் எடுத்தார்.

என் கணவர் ஓடிவந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல மரகதம், ஒண்ணுமில்ல" என்றார். தன் கோட்டைக் கழற்றி என் மேல் போர்த்தினார். அந்தப் பதற்றம் பொய்யில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

4

இடுப்பெலும்பில் விரிசல். இடது காலில் கம்பி வைத்தார்கள். ஆபரேஷன் முடிந்து சில நாள் கழித்து ஒரு பெண் போலீஸ் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் தர்ஷினி. மொழிபெயர்க்க அவளையே வைத்துக்கொள்ளலாமா, அதிகாரபூர்வமாகப் பிறகு ஒருமுறை கேட்டுக்கொள்கிறோம் என்றார் போலீஸ்.

முதலில் நானே ஜெர்மனில் ஆரம்பித்தேன். 'உம்ஃபாரன்' என்று ஒரு சொல் இருக்கிறது. முதல் எழுத்தை அழுத்திச் சொன்னால் இடித்துத் தள்ளுவது. பின்பகுதியை அழுத்திச் சொன்னால் சுற்றிக்கொண்டு ஒதுங்கிப் போவது. இறந்தகாலத்தில் சொல்லே கொஞ்சம் மாறும். நான் தப்பானதைச் சொல்லிவிட்டேன். "அவர் என்னைச் சுற்றிக்கொண்டு ஒதுங்கிப் போனார்" என்று, காலில் கம்பியோடு படுத்துக்கொண்டு. போலீஸ்காரம்மா எழுதாமல் என்னைப் பார்த்தார். தர்ஷினி சட்டென்று திருத்தினாள்.

அப்புறம் தமிழிலேயே சொன்னேன். கையசைத்தது, என் கணவர் கை தூக்கியது, பச்சை விழுந்தது, எல்லாம். தர்ஷினி ஜெர்மனில் சொன்னாள். நான் சொன்னது நீளமாக இருந்தது, அவள் சொன்னது குட்டையாக இருந்தது. ஜெர்மனில் நாலு சொல்லை ஒட்டி ஒரே சொல்லாக்கிவிடுவார்கள் என்று கேலியாக இதே மலரில் நான் எழுதியிருக்கிறேன். அதுபோல இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வலி மருந்தில் கண் சொருகியது.

5

வீட்டுக்கு வந்ததும் ஊரிலிருந்து போன் வர ஆரம்பித்தது. துரைசாமி அண்ணன், என் கூடப் பிறந்தவர், தினமும் பேசினார். முதலில் காலைப் பற்றி. பிறகு மெதுவாக வேறு பேச்சு.

"அம்மிணி, போலீஸ் கேசு கீசுன்னு எதுக்கு? செல்வராஜு வேணும்னா பண்ணுனான்?"

"வேணும்னு பண்ணுனார்னு நான் சொல்லலீங்கண்ணா. பச்சையில போனேன், இடிச்சார். அதத்தான் சொன்னேன்."

"அவன் அக்கா புள்ளயத்தான் நம்ம பையனுக்குப் பேசி முடிச்சிருக்குது. உனக்குத் தெரியாததா? நம்மூட்டுக் கல்யாணம் உன்னால நிக்கோணுமா?"

இப்படிக் கேட்டவர், சின்ன வயதில் என் கையைப் பிடித்து ரோடு தாண்ட வைத்தவர். பெரியம்மா வீடு வாளையாரில். லீவுக்குப் போனால் சிமென்ட் லாரிகள் வரிசையாகப் போகிற ரோட்டைத் தாண்டித்தான் கடைக்குப் போக வேண்டும். அந்த லாரிகளில் இடது பக்கம் கிளீனர் பாதி உடம்பை வெளியே போட்டுக்கொண்டு கதவைத் தட்டித் தட்டி, "ஆள் வருது, ஆள் வருது" என்று டிரைவருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அதுதான் வேலை. அத்தனை லாரிகளுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

இதற்கிடையில் அண்ணாவின் வண்டி இன்சூரன்ஸ்காரர்களிடமிருந்து கேள்விகள் வந்தன. எந்த நிறத்தில் கோட்டு போட்டிருந்தீர்கள்? குடை முகத்தை மறைத்ததா? காதில் ஏதாவது மாட்டியிருந்தீர்களா? உங்கள் உயரம் என்ன? கடைசிக் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வண்டியின் உயரத்தைக் கேட்கிற கேள்வி எங்கேயும் இல்லை.

6

தை மாதம் போலீஸ் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். ஊன்றுகோலோடு போனேன். அங்கே மொழிபெயர்க்க ஒரு மலையாளி அம்மா உட்கார்ந்திருந்தார். இடுக்கியில் தொடுபுழாக்காரர். என் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் பாலக்காடு என்று இருப்பதால் மலையாளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். தமிழ் வேண்டுமென்றால் இன்னொரு நாள் வர வேண்டும் என்றார் அதிகாரி. பரவாயில்லை என்றேன். எல்லையில் கேரளப் பக்கம் இருக்கிற நமக்கென்ன புதிதா? கொழிஞ்சாம்பாறையில் வீட்டில் தமிழ் பேசிவிட்டு, வில்லேஜ் ஆபீஸில் போய் நின்றால் வாய் தானாக மலையாளத்துக்கு மாறிக்கொள்ளும். சர்க்கார் காரியம் மலையாளத்தில் பேசித்தான் எனக்குப் பழக்கம்.

மலையாளத்தில் முதலிலிருந்து சொன்னேன். சிக்னலில் நின்ற இடம் வந்தது. "என்றெ பர்த்தாவு என்னெ கண்டு. கை பொக்கி காணிச்சு" என்றேன். என் கணவர் என்னைப் பார்த்தார், கை தூக்கிக் காட்டினார்.

அந்த அம்மா மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தார். "உறப்பாணோ, சேச்சி?"

உறுதியாகத்தான் சொல்கிறேன் என்றேன். அவர் ஜெர்மனில் சொன்னதும் அதிகாரி கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். "இதை நீங்கள் ஆஸ்பத்திரியில் சொல்லவில்லையே" என்றார்.

சொன்னேன் என்றேன்.

"இல்லை. கணவர் வண்டியில் இருந்தார், அவர் எதையும் கவனிக்கவில்லை என்று உங்கள் மகள் வழியாகச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கணவரும் அதையேதான் சொல்லியிருக்கிறார். வெயில் கண்ணில் பட்டதால் மேலே இருக்கும் மறைப்பை இறக்கக் கையைத் தூக்கியதாகவும், அந்த நேரத்தில் நீங்கள் திடீரென்று ஓடிவந்ததாகவும். ஓடிவந்தீர்கள் என்றுதான் வண்டி ஓட்டியவரும் சொல்கிறார்."

தொடுபுழா அம்மா இதை மலையாளத்தில் எனக்குச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே மேகம் மூடிக்கிடந்தது. அன்றும் அப்படித்தான் இருந்தது. அன்று காலை கோட்டை எடுத்துக்கொடுத்து, "தூறுது, போட்டுக்கோ" என்று சொல்லி அனுப்பியவரே என் கணவர்தான்.

"அன்று வெயில் இல்லை" என்றேன். இதை யாரும் மொழிபெயர்க்கும் முன் நானே ஜெர்மனில் சொன்னேன். இந்த முறை ஒரு எழுத்தும் பிசகவில்லை.

7

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கேட்கவில்லை. முதலில் தர்ஷினியிடம் கேட்டேன். அறையில் படித்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, "ஆஸ்பத்திரியில நான் சொன்னத நீ சொல்லலியா கண்ணு?" என்றேன்.

புத்தகத்தை மூடி வைத்தாள். அப்புறம் சொன்னாள்.

"அப்பா என்னை வெளிய கூட்டிட்டுப் போனார்மா. போலீஸ் வர்றதுக்கு முன்னாடி. அம்மா மருந்து மயக்கத்துல இருக்கறா, நடக்காததெல்லாம் நடந்த மாதிரி சொல்றா, அதெல்லாம் நீ சொன்னீன்னா அப்பாவ ஜெயில்ல போட்டுருவாங்கன்னு சொன்னார். நான் நம்பிட்டேன். அப்பா அழுதார்மா."

"இப்பவும் நம்பறியா?"

"தெரியல" என்றாள். பிறகு ஜெர்மனில் ஏதோ சொன்னாள், வேகமாக. எனக்குப் பாதிதான் புரிந்தது. கோபம் வந்தால் அவள் அந்த மொழிக்குள் போய்விடுவாள். நான் கதவு வரை போய் நிற்கலாம், உள்ளே போக முடியாது.

அவர் கடையிலிருந்து வந்தார். கை கழுவினார். சோறு போட்டு வைத்தேன். அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"என்னையப் பாத்தீங்களா, இல்லீங்களா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "பாத்தேன்" என்றார்.

"அண்ணாகிட்டச் சொன்னீங்களா?"

"நீ நின்னுக்குவீன்னு நெனச்சேன்."

 அவரே மேலும் பேசினார்.

"அவன் இல்லீன்னா நாம இங்க இல்ல மரகதம். லைசன்சப் புடுங்கீட்டாங்கன்னா கடையும் போச்சு, எனக்கு வேலையும் போச்சு. உனக்கு வர வேண்டியது இன்சூரன்சுல எப்படியும் வந்துரும். நான் ஒரு வார்த்த மாத்திச் சொன்னதுல உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"ஓடிவந்தேன்னு சொல்லியிருக்கீங்க."

"போலீஸ்ல அப்படித்தான் சொல்லோணும்."

"எம்புள்ளகிட்ட என்னையப் பைத்தியம்னு சொல்லியிருக்கீங்க."

அவர் எழுந்து போய்க் கை கழுவினார். அண்ணா பொய் சொன்னது எனக்குப் பெரிதாகப்படவில்லை. அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தார். ஆனால் இவர் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருந்தபோதே என்ன சொல்வது என்று யோசித்திருப்பாரோ என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு தடவை வந்துவிட்டால் போகாது. அன்றிலிருந்து அவர் படுக்கை கூடத்துக்குப் போனது. நான் போகச் சொல்லவில்லை, அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த வாரம் தர்ஷினி பள்ளியிலிருந்து வருகிற வழியில் தனியாகப் போலீஸ் நிலையத்துக்குப் போயிருக்கிறாள். அப்பா கை தூக்கியதை அம்மா சொன்னாள், நான்தான் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு அந்தப் பெண் போலீஸ் போன் செய்துதான் தெரியும். அன்று முதல் அவள் அப்பாவிடம் தமிழ் பேசுவதில்லை. அவர் என்ன கேட்டாலும் ஜெர்மனில் பதில் சொல்கிறாள். அவருக்கு ஜெர்மன் கடைக்கணக்குக்கு மேல் வராது. "என்ன சொல்றா இவ?" என்று என்னைக் கேட்பார். புரிந்தாலும் தெரியாது என்பேன்.

8

கோர்ட்டுக்குப் போகாமலேயே முடிந்தது. அண்ணாவுக்கு அபராதம், சில மாதம் வண்டி ஓட்டக்கூடாது, அவ்வளவுதான். என் கணவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடை மூடவில்லை. வேறொருவர் வேன் ஓட்டினார். தடை முடிந்ததும் அதே வண்டி திரும்பத் தெருவுக்கு வந்தது.

எங்கள் பேட்டைத் தாய்மார்கள் சிலர் சேர்ந்து நகராட்சிக்கு எழுதினார்கள். பாலர் பள்ளிக்குப் போகிற வழியில் இந்த உயர வண்டிகளை விடாதீர்கள், முன்னால் நிற்கும் குழந்தை ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று. நானும் கையெழுத்துப் போட்டேன். பணிவான பதில் வந்தது. அனுமதி பெற்ற வண்டியைத் தடுக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லையாம். அனுமதி கொடுப்பது இன்னொரு அலுவலகமாம். அந்த அலுவலகத்துக்கு எழுதினால், தெருக்கள் நகராட்சியின் பொறுப்பு என்று பதில்.

ஊரில் இருந்தபோது ஐரோப்பா என்றால் ஒழுங்கு, நடக்கிறவனுக்காக வண்டி நிற்கும் தேசம் என்று நம்பி வந்தேன். நானே உங்களுக்கு அப்படித்தான் எழுதினேன். வரிக்கோட்டில் கால் வைத்தால் பஸ்கூட நிற்கும் என்று. அது இப்போதும் உண்மைதான். ஆனால் நிற்பதற்கு முதலில் நாம் கண்ணில் பட வேண்டும். கண்ணில் படாத அளவுக்கு வண்டியை உயர்த்திக்கொள்ள இங்கே எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. இப்போது எங்கள் தெருவில் அப்படி இன்னும் இரண்டு வண்டிகள் வந்துவிட்டன. நான் பச்சை விழுந்ததும் நடப்பதில்லை. வண்டி முழுதாகப் போன பிறகு, மிச்சமிருக்கும் பச்சையில் நொண்டிக்கொண்டு போகிறேன். பாதியில் சிவப்பு விழுந்துவிடும்.

9

ஆவணியில் அண்ணன் மகன் கல்யாணத்துக்குக் கொழிஞ்சாம்பாறை போனோம். தர்ஷினி வரவில்லை. அத்தை வராமல் எப்படி என்று அண்ணன் பல தடவை கூப்பிட்டிருந்தார். கைத்தடியோடு மண்டபத்துக்குள் நுழைந்தேன். செல்வராஜ் அண்ணா பட்டு வேட்டியில் முன்வரிசையில் பெண்வீட்டாரோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து, "வாங்க அம்மிணி" என்றார், நேற்றுப் பார்த்தவர் மாதிரி. என் கணவர் நேராகப் போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் பெண்கள் பக்கம் வந்தேன். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் சரோஜா அக்காவுடையது. பக்கத்தில் இடம் கொடுத்து, என் காலைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"பனியில வழுக்கீட்டயாமா அம்மிணி? உங்கண்ணன் சொன்னாப்ல. அந்த ஊர்ல ஐஸ்கட்டி மேலதான் நடப்பாங்களாமா?"

அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பெண்ணும், "ஆமாங்க, பனியிலதான் வழுக்கீட்டாங்களாம்" என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர் என் தோளைத் தொட்டு, இனிமேல் பார்த்து நடக்கச் சொன்னார். ஊர் முழுக்க ஒரே கதை தெரிந்திருந்தது. எல்லோரும் உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்கள்.

மேடைப் படியருகே நின்ற அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினார்.

"பனி இல்லீங்கக்கா" என்றேன். "வண்டி ஏறுச்சுங்க. ரோட்டுல பச்சை வெளக்குல போயிட்டிருந்தேன்."

"அய்யோ. எவன் அவன்? வெள்ளக்காரனா?"

"இல்லீங்க. முன்னாடி பட்டு வேட்டி கட்டி உக்காந்திருக்காருங்களே, செல்வராஜு. அவருதானுங்க."

நான் குரலை உயர்த்தவில்லை. நாதஸ்வரம் அந்த நேரம் நின்றிருந்தது. எங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். சரோஜா அக்கா முன்வரிசையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். நம்ப முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப உங்கூட்டுக்காரர் எங்க இருந்தாப்ல? அவரு சும்மாவா விட்டாரு?"

"அவரும் அந்த வண்டியிலதானுங்க இருந்தார்" என்றேன்.